மருந்து நலமாக இருக்கிறது

தெய்வானையின் நாய்க்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை அட்மிட் செய்தார்கள். அங்கே வழக்கம் அதுதான்.

மருந்துக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் பாட்டில். தலைக்குத் தலையணை, கழுத்து வரைக்கும் கம்பளி. கட்டிலுக்குக் கீழே, வெறும் சிமெண்டுத் தரையில், கரிச்சான் படுத்திருந்தான். கரிச்சான்தான் நாய். கறுப்பு, நாட்டு ஜாதி, ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அவன் மருந்தின் துணையாள். ஒரு கட்டிலுக்கு ஒரு துணையாள்தான் அனுமதி. அடையாளத்துக்காக அவனுடைய முன்காலில் ஊசிக்குழாய் ஒன்றைச் செருகிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள்.

ஆகவே தெய்வானை வெறும் பார்வையாளர். பார்வையாளர்கள் உட்காரக் கூடாது. வந்த நாளிலிருந்து அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நிற்பது அவளுக்குப் புதிதல்ல. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடை வாசலில்தான் கரிச்சான் வளர்ந்தான். கழுத்து வீங்கியபோது பக்கத்துத் தெரு கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் பாட்டிலைத் திறந்து நாய்க்குள் ஏற்றினார். வேறு சடங்கு எதுவும் செய்யவில்லை. தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவில் புடைத்திருந்த கட்டிகள் ஒரே வாரத்தில் பாக்கு அளவுக்கு வந்தன. கரிச்சான் எழுந்து கறிக்கடை வரை போய்விட்டு வந்தான்.

"மருந்துக்குக் கேக்குதுங்கக்கா" என்றார் டாக்டர். "இனி விடாம ஏத்தோணும். வாராவாரம் தாடைக்கடியில தொட்டுப் பாருங்க. கரையுதா வளருதான்னு பாக்கறதுதான் இதுல பாதி வைத்தியம். அதுக்குன்னே பெரிய எடத்துல தனி டிபார்ட்மெண்ட் வெச்சிருக்காங்க. அங்க கொண்டு போயிருங்க."

அந்தத் தனி டிபார்ட்மெண்டில்தான் அவள் இப்போது நின்றுகொண்டிருந்தாள். கட்டிகள் மறுபடியும் எலுமிச்சைக்கு வந்துவிட்டன.

காலையில் துறைத் தலைவர் டாக்டர் குலோத்துங்கன் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களைத் தேக்குப் பலகைகளில் பொறித்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு உதவியாளர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் நிற்க இடம் போதவில்லை. அறை சற்றே அகலமாகிக்கொண்டது.

"ராத்திரி தூங்கினாரா?" என்று மருந்தைப் பார்த்தபடி கேட்டார்.

"நல்லாத் தூங்கினாருங்க சார்" என்றாள் சிஸ்டர் ரெபேக்காள்.

"கலங்கினாரா?"

"இல்லீங்க சார். தெளிவா இருக்காரு."

டாக்டர் குனிந்து பாட்டிலின் கழுத்தை இரண்டு விரல்களால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பலகைகள் மூச்சடக்கி நின்றன.

"வீக்கம் இல்லை" என்றார்.

"வீக்கம் நாய்க்குங்க டாக்டர்" என்றாள் தெய்வானை.

டாக்டர் திரும்பவில்லை. "யாரு இவங்க?"

"துணையாளுக்குத் துணையாளுங்க சார்."

"சித்தெ கீழ பாருங்க டாக்டர். தாடைக்கடியில தொட்டுப் பாருங்க. எச்சி முழுங்கக்கூட முடியல அவனுக்கு. மருந்த எப்பங்க ஏத்துவீங்க?"

"எதுல?"

"நாயிலதான்."

பலகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"ஏம்மா" என்றார் டாக்டர், ஊரறிந்த தன் பொறுமையோடு. "நாய்க்குள்ள ஏத்தினா மருந்து என்ன ஆகும்?"

"கலந்துரும்."

"கலந்துட்டா நான் யாரைக் கண்காணிப்பேன்?"

"நாயத்தான்."

"நாய் அசையுது. ஒரு நாள் வாலாட்டுது, ஒரு நாள் ஆட்டல. அதை வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா? மருந்தைப் பாருங்க. வந்தப்ப எப்படி இருந்தாரோ அப்படியே இருக்காரு. இவ்வளவு ஸ்திரமான முன்னேற்றத்தை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல."

தெய்வானைக்கு உச்சந்தலை சுட்டது.

"டாக்டர், என்ற கடைக்கு ஒருத்தர் எரிஞ்ச மோட்டாரக் கொண்டாந்தா, மோட்டார மூலையில போட்டுட்டு நான் காயில் கம்பிக்குக் கஞ்சி ஊத்திட்டு உக்காந்திருப்பனா?"

"ஊத்த மாட்டீங்களா?" என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. கம்பிகளை நினைத்து வருத்தப்பட்டபடியே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலிலும் ஒரு மருந்துதான் இருந்தது. அதற்குக் கீழே அவிநாசியப்பன் படுத்திருந்தார். ரைஸ் மில் முதலாளி. சலவை வேட்டி, தங்கச் சங்கிலி, புறங்கையில் ஊசிக்குழாய். டாக்டர் போன பிறகு தெய்வானை குனிந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க நாயி எங்கீங்கண்ணா?"

"தவறிப்போச்சுங்க. தையில."

"அப்புறம் இங்க என்ன பண்ணறீங்க?"

"துணையாள் எடம் காலியாச்சில்லீங்க. நான் எறங்கிட்டேன்." கட்டிலைக் கண்ணால் காட்டினார். "மருந்து அருமையா இருக்காருங்க. போன மாசம் பேப்பர்லகூட வந்தாரு. விட்டுப்போட்டுப் போக மனசு வரல."

"அந்த மருந்த அன்னைக்கே நாய்க்கு ஏத்தியிருந்தா உங்க நாயி இருந்திருக்குமுங்க."

"மெதுவாப் பேசுங்கம்மணி. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த பால்சோற்றைத் தின்று முடித்தார். கையைப் பயன்படுத்தவில்லை. கடைசியில் தட்டை மூக்கால் தள்ளிச் சுவரோரம் வைத்தார்.

தெய்வானை நிமிர்ந்து நின்றுகொண்டாள். கால் வலித்தாலும் இனி இந்தத் தரையில் உட்காருவதில்லை என்று முடிவெடுத்தாள்.

மத்தியானம் சிஸ்டர் ரெபேக்காள் ஓடி வந்தாள். "அக்கா, உங்க மருந்து முழுப் பலன் தந்துட்டாருன்னு அறிவிச்சுட்டாங்க."

"யாருக்கு?"

"பொதுவா. சாயங்காலம் பாராட்டு விழா. அது முடிஞ்சதும் அவரத் தலைநகருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்களாம். வண்டி இப்பவே வந்து நிக்குது."

"கரிச்சானுக்கு?"

"அவருக்கு மேடையில எடம் குடுத்திருக்காங்கக்கா. பெரிய மரியாதை."

"மரியாதைய நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு மருந்து வேணும். வேற பாட்டில் இல்லியா?"

"எந்தப் பாட்டில் வந்தாலும் இங்கதானுங்களே அட்மிட் ஆகோணும்" என்றாள் சிஸ்டர். அவள் கெட்டவள் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால் தெய்வானைக்கு இன்னும் கோபம் வந்தது.

விழா மண்டபத்துக்குப் போகும் தாழ்வாரம் காலையில் நாலு எட்டு நீளம்தான் இருந்தது. வரப்போகும் விருந்தினரின் தகுதியைக் கேள்விப்பட்டு அது நீண்டுவிட்டது. தெய்வானை கரிச்சானைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் பிளெக்ஸ் பேனர்கள். டாக்டர் போனில் பேசுகிறார். டாக்டர் நடந்து வருகிறார். டாக்டர் தொலைதூரத்தைப் பார்க்கிறார். டாக்டர் இன்னொரு டாக்டர் குலோத்துங்கனுக்குக் கை கொடுக்கிறார். கரிச்சானின் படமும் இருந்தது. கீழ் மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில், நம்பரைவிடச் சிறியதாக.

மேடையில் நடு நாற்காலி மருந்துக்கு. சுற்றிலும் பிரமுகர்கள். ஓரத்தில் ஒரு கோணிச்சாக்கு விரித்துக் கரிச்சானைப் படுக்க வைத்தார்கள். அவிநாசியப்பனும் முழங்காலும் கையுமாக வந்து முன்வரிசைக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டார். துணையாட்கள் மருந்து விழாவுக்கு வந்தே ஆக வேண்டும்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை தொடங்கியது. மேடையில் வீற்றிருந்த ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி விளித்தார்கள். ஒருவர் பெயர் விடுபட்டுப் போனது. முதலில் அவர் முகம் சுருங்கியது. பிறகு தோள் சுருங்கியது. அவர் சாண் உயரத்துக்கு வந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துச் சொல்ல, வரவேற்புரையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அவருடைய பெயர் வந்தது. அவர் பழைய உயரத்துக்கு வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தெய்வானை மேடையோரம் நின்று, கையை நீட்டிக் கரிச்சானின் தாடைக்கு அடியில் தொட்டாள். எலுமிச்சையைத் தாண்டிவிட்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் எழுந்தார். அவர் முன்னாள் தலைவர். எதற்குத் தலைவராக இருந்தார் என்று அழைப்பிதழில் இல்லை. முன்னாள் என்பதே போதுமான பதவியாக இருந்தது.

"காலத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுகிறேன்" என்றார்.

சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் கீழே உட்கார்ந்துவிட்டது. பெரிய முள் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு அதுவும் சாய்ந்துகொண்டது.

"நான் சிறுவனாக இருந்தபோது" என்று ஆரம்பித்தார் முன்னாள் தலைவர், "எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு மருந்து இருந்தது. அது இருமலுக்கானது. ஆனால் அதனிடம் நான் கற்றது அடக்கம்." பிறகு அடக்கத்தைப் பற்றிப் பேசினார். தன் அடக்கத்தைப் பற்றி. அது எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி. முன்வரிசையில் ஒருவருக்குத் தாடி முளைத்தது.

கரிச்சானின் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. தெய்வானை மறுபடி தொட்டாள். சாத்துக்குடி.

அவள் ஒரு நாற்காலியின் மேல் ஏறினாள்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?" என்று கத்தினாள். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "அங்க நாயி சாவுது. இங்க மருந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்குது. ரெண்டுக்கும் நடுவால ஒரு மொழம் தொலைவு. அந்த ஒரு மொழத்துல வந்து நின்னுட்டு இத்தன பேரு என்ன பண்ணிட்டிருக்கறீங்க? பேசுன வாய்ல ஒரு வாயாச்சும் நாயப் பத்திப் பேசுச்சா? தூ."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

"அருமையான கருத்து" என்றார் முன்னாள் தலைவர் மைக்கில். "சகோதரி சொன்னதைத்தான் நானும் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

யாரோ ஓடி வந்து தெய்வானைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை உருவி வீசினாள். போர்த்தியவர் கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து அடுத்தவருக்கு வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மருந்துக்குப் பொன்னாடை. ஒவ்வொரு பிரமுகரும் ஒன்று போர்த்தி, போட்டோ எடுக்கும் வரை அப்படியே நின்றார். நாலாவது ஆடையிலேயே பாட்டில் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நாற்காலியில் ஒரு ஜரிகைக் குவியல் மட்டும் இருந்தது. அந்தக் குவியலுக்குக் 'குருதிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். வெளியே தலைநகர் வண்டி ஹார்ன் அடித்தது.

தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார். "நிறைவாக நன்றியுரை. நன்றி என்றதும் நம் அனைவரின் நினைவுக்கும் வருகிற ஜீவன், அருமை நண்பர் கரிச்சான் அவர்கள் நன்றியுரை ஆற்றுவார்."

நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துகொள்வது ஊர்ப் பழக்கம். எல்லோரும் எழுந்தார்கள். பந்தி பக்கத்து அறையில். முதல் பந்தியில் இடம் பிடிக்க வேண்டும். டாக்டர் போனார். பலகைகள் போயின. முன்னாள் தலைவரை நாலு பேர் வழிவிட்டு அழைத்துப்போனார்கள். ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு வந்து கை கழுவினார். நாற்காலிகள்கூடக் கொஞ்சம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டன.

மண்டபத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மேடையில் மைக்குக்கு முன்னால் கரிச்சான். கீழே அவிநாசியப்பன். தெய்வானை.

அவள் மேடை ஏறிப் பொன்னாடைகளை உரிக்க ஆரம்பித்தாள். உரிக்க உரிக்க வந்தது. சிலவற்றில் முந்தைய விழாக்களின் சந்தனம் காய்ந்திருந்தது. ஒன்றில் வேறொருவர் வீட்டு வண்ணான் குறி. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே உரித்தாள். கடைசி ஆடைக்குக் கீழே பாட்டில் வியர்த்துப்போய் இருந்தது.

"அம்மணி, வேண்டாமுங்க" என்றார் அவிநாசியப்பன் கீழேயிருந்து. "அவரு போயிருவாரு."

"போகட்டும். எந்திரிச்சு வாங்க. பாட்டில ஒசரத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்."

"நான் துணையாளுங்க. எந்திரிக்கப்படாது."

"உங்க நாயி இருந்தப்பவும் இதயேதான சொல்லியிருப்பீங்க?"

அவர் தரையில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால்கள் இரண்டும் கதவுபோலச் சத்தமிட்டன. மேடைக்கு வந்து பாட்டிலை வாங்கித் தலைக்கு மேல் பிடித்தார்.

"அவளுக்கு ஜூலின்னு பேருங்க" என்றார்.

"ஆட்டாமப் பிடிங்கண்ணா."

கரிச்சானின் முன்காலில் அடையாளத்துக்குச் செருகிய குழாய் தயாராக இருந்தது. பாட்டிலோடு இருந்த டியூபைத் தெய்வானை அதில் மாட்டினாள். சிவப்பு இறங்கியது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று பக்கத்துத் தெரு டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாகவே ஏற்றினாள். கரிச்சான் மைக்குக்கு நேராக வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த மூச்சு ஒலிபெருக்கி வழியாகப் பந்தி வரைக்கும் போனது.

"யாரு பேசறது?" என்று பந்தியில் ஒருவர் கேட்பது இங்கே கேட்டது.

"நாயிங்க. நன்றியுரை."

"நல்லா நிறுத்தி நிதானமாப் பேசறாரு. இங்க ரசம் ஊத்துப்பா."

விசில் அடங்கியது. பாட்டிலில் பாதி குறைந்தபோது கரிச்சான் எச்சிலை விழுங்கினான். மடக் என்ற அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. பந்தியில் கைதட்டினார்கள்.

வெற்றிலையோடு, கூட்டம் பின்தொடர, திரும்பி வந்த டாக்டர் குலோத்துங்கன் நடு நாற்காலியைப் பார்த்தார். பொன்னாடைகளைப் பார்த்தார். அவிநாசியப்பனின் கையிலிருந்த காலிப் பாட்டிலைப் பார்த்தார்.

"மருந்து எங்க?"

"உள்ள" என்றாள் தெய்வானை.

"எங்க உள்ள?"

"எங்க இருக்கோணுமோ அங்க."

ஒரு பலகை கீழே விழுந்தது. முன்னாள் தலைவர் அனுபவசாலி. உடனே மைக்கைப் பிடித்து மௌன அஞ்சலிக்கு அழைப்பு விடுத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனத்தைப் பற்றி அவர் சில வார்த்தைகள் பேசினார். மறைந்த குருதிச் செம்மல் இந்த நாய்க்குள்தான் துயில்கிறார் என்பதால், இன்று முதல் இந்த நாயை அவருடைய நினைவிடமாக அறிவிப்பதாகவும் சொன்னார். கரிச்சானுக்கு மாலை விழுந்தது.

டாக்டர் தளர்ந்து போய் முழங்காலிட்டார். நினைவிடத்தைத் தொட்டு வணங்கக் கை நீட்டினார். இரண்டு விரல்கள் கரிச்சானின் தாடைக்கு அடியில் போயின. அங்கேயே நின்றன. அவர் முகம் மாறியது.

"மேடு கரையுது" என்றார்.

தெய்வானை குனிந்தாள். "சாத்துக்குடி அளவு இருந்துச்சுங்க டாக்டர். இப்ப எப்படி இருக்குது? சொல்லுங்க."

"பாக்கு அளவுதான் இருக்கு. இன்னும் கரையுது. விரல் வெச்சிருக்கும்போதே கரையுது." அவர் பதறி எழுந்தார். "நினைவிடத்தோட மேடு இது. இப்படியே விட்டா அவர் இருந்த தடமே இருக்காது. உடனே தடுக்கணும். பழைய உயரத்துக்குக் கொண்டு வரணும். ஒரு குழு போடுங்க." குழு அங்கேயே அமைந்தது. மறுபடியும் கை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றாள் தெய்வானை.

"அம்மா, இது பொதுச் சொத்து."

"என்ற நாயி மேல இருந்து கைய எடுங்க."

அவள் கத்தவில்லை. ரொம்பவும் மெதுவாகச் சொன்னாள். மண்டபத்தில் முதல் தடவையாக யாரும் கைதட்டவில்லை. டாக்டர் கையை எடுத்தார்.

கரிச்சான் தானாகவே மேடையிலிருந்து குதித்தான். மாலை மேடையிலேயே கிடந்தது. அவன் முன்னால் நடக்க, தெய்வானை பின்னால் போனாள். அவிநாசியப்பன் காலிப் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, இரண்டு காலில் வேறொரு வாசலைப் பார்த்துப் போனார். வெளியே போகிறவர்களுக்கு எந்தத் தகுதியும் இல்லாததால் தாழ்வாரம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

முற்றத்தில் முதல் விளக்குக் கம்பத்தைக் கண்டதும் கரிச்சான் காலைத் தூக்கினான். இறங்கியது சிவப்பாக இருந்தது. அந்த மருந்து ஏறினால் அப்படித்தான் போகும், பயந்துவிடாதீர்கள் என்று பக்கத்துத் தெரு டாக்டர் முதல் ஊசியின்போதே சொல்லியிருந்தார். பின்னால் வந்த கூட்டத்துக்கு அது தெரியாது.

"அவர்" என்றது ஒரு குரல்.

எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். அடையாளத்துக்கு ஒரு தேக்குப் பலகையை அங்கே நட்டார்கள். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று பேச்சு எழுந்தது. பேச்சு தகராறானது. கரிச்சான் அடுத்த கம்பத்துக்குப் போனான். அங்கே ஒரு பலகை. அதற்கடுத்த கம்பத்தில் இன்னொன்று. கூட்டம் கம்பத்துக்குக் கம்பம் பிரிந்து நின்றுகொண்டது. ஒவ்வொரு கம்பத்துக்கும் தனித்தனித் தலைவர், செயலாளர், பொருளாளர். பலகைகள் தீர்ந்தபோது டாக்டர் வெறுங்கையோடு நடுமுற்றத்தில் நின்றார். எந்தக் கம்பமும் அவரைக் கூப்பிடவில்லை.

வாசலைத் தாண்டியதும் தெய்வானை தெருவோரம் உட்கார்ந்தாள். வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தாள். கரிச்சானின் தாடைக்கு அடியில் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். வலப்பக்கம் பாக்கிலும் பாதி. இடப்பக்கம் தேடினாள். விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. கரிச்சான் அவளுடைய மணிக்கட்டை நக்கிவிட்டு, தெருக்கோடியிலிருந்து வந்த கறிக்கடை வாசனையை முகர்ந்தான்.

பிறகு ஏதோ தோன்றித் தன் தாடைக்கு அடியிலும் தொட்டுப் பார்த்தாள். அங்கே கோபம் இருந்தது. சாத்துக்குடி அளவு. அழுத்தினால் கெட்டியாக இருந்தது, லேசாகச் சுட்டது.

அடுத்த மருந்துக்கு மறுபடியும் இங்கேதான் வர வேண்டும். அதற்கடுத்ததற்கும் இங்கேதான். அது வரைக்கும் இது துளியும் கரையக் கூடாது.

வாராவாரம் தொட்டுப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தாள்.